அளந்து தரும் மூச்சு

2021 மே மாதத்தில் மகேந்திரகிரி அடிவாரத்திலிருந்து டேங்கர் லாரிகள் அடுத்தடுத்துப் புறப்பட்டுக்கொண்டிருந்தன. திருநெல்வேலி மாவட்டத்தின் தென் எல்லையில், பணகுடியை அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டி இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. ராக்கெட் எஞ்சின்களைத் தரையில் பூட்டிவைத்து எரித்துச் சோதிக்கும் இடம் அது. 2014 ஜனவரி 5 அன்று ஜிஎஸ்எல்வி-டி5 ராக்கெட் வெற்றியோடு பறந்தபோது அதில் இருந்த உள்நாட்டுக் கிரையோஜெனிக் எஞ்சின் இங்கே சோதனையில் தேறியதுதான். அந்த எஞ்சினுக்கு இரண்டு திரவங்கள் வேண்டும். மைனஸ் 253 டிகிரியில் ஹைட்ரஜன், அதை எரிக்க மைனஸ் 183 டிகிரியில் ஆக்சிஜன்.

கொரோனாவின் இரண்டாம் அலை வந்ததும் அந்த ஆக்சிஜன் நோயாளிகளின் பக்கம் திரும்பியது. நாளொன்றுக்குச் சுமார் 9.5 டன் திரவ ஆக்சிஜன் இங்கிருந்து தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் போனது. தாமிரபரணி கடலில் கலக்கும் தூத்துக்குடி மாவட்டத்திலும் அதே மாதத்தில் ஒரு பூட்டுத் திறந்தது. 2018 மே 22 அன்று ஆலை எதிர்ப்புப் போராட்டத்தின்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்த பிறகு மூடப்பட்ட ஸ்டெர்லைட் தாமிர ஆலையில், ஆக்சிஜன் பிரிவை மட்டும் இயக்கிக்கொள்ள 2021 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் அனுமதி தந்தது. மே 13 அன்று 4.8 டன்னோடு முதல் டேங்கர் வெளியே வந்தது. இழப்பின் காயம் ஆறாத ஊரில் அந்தக் கதவைத் திறப்பது யாருக்கும் எளிதாக இருக்கவில்லை. ஆனாலும் திறக்க வேண்டியிருந்தது. அவ்வளவு தட்டுப்பாடு.

ஆக்சிஜன் இல்லாவிட்டால் மனிதர் சாவார் என்பதை அந்த மாதம் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தது. அதனால் நம் மனத்தில் ஒரு எண்ணம் வேரூன்றிவிட்டது: ஆக்சிஜன் எவ்வளவு கூடுதலாகக் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. மருத்துவம் கடந்த எழுபது ஆண்டுகளில் மெல்ல மெல்ல, பல உயிர்களையும் பார்வைகளையும் இழந்து, கற்றுக்கொண்ட பாடம் வேறு. ஆக்சிஜன் ஒரு மருந்து. மற்ற மருந்துகளைப் போல இதற்கும் தேவை உண்டு, அளவு உண்டு, பக்கவிளைவு உண்டு, நிறுத்த வேண்டிய நேரமும் உண்டு. அந்த அளவைப் பற்றியதே இந்த அத்தியாயம்.

காற்றிலிருந்து பிரித்தல்

நம்மைச் சுற்றியுள்ள காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், நைட்ரஜன் 78 சதவீதம். இரண்டும் நிறமற்றவை, மணமற்றவை. ஆனால் கொதிநிலை வேறு. ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியில் கொதிக்கிறது. நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரியில். காற்றை அழுத்தி, குளிர்வித்து, விரிய விட்டு, மறுபடி குளிர்வித்துத் திரவமாக்கலாம் என்று 1895இல் ஜெர்மானியப் பொறியாளர் கார்ல் வான் லிண்டே காட்டினார். திரவக் காற்றை மெல்லச் சூடேற்றினால் நைட்ரஜன் முதலில் ஆவியாகிப் போகும், ஆக்சிஜன் அடியில் தங்கும். 13 டிகிரி இடைவெளியில்தான் இந்தத் தொழில் முழுவதும் நடக்கிறது. ராக்கெட்டுக்குப் போகும் ஆக்சிஜனும் மருத்துவமனைக்குப் போகும் ஆக்சிஜனும் இந்த வழியில் வருபவைதான்.

திரவமாக்குவதில் பெரிய ஆதாயம் இடம். ஒரு லிட்டர் திரவ ஆக்சிஜன் ஆவியானால் சுமார் 860 லிட்டர் வாயு கிடைக்கும். மருத்துவமனை வளாகங்களில் வெள்ளைத் தொட்டியாக நிமிர்ந்து நிற்பது இந்தத் திரவத்துக்கான கலன். அதிலிருந்து ஆவியாகிச் சுவருக்குள் ஓடும் குழாய் வழியாக ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டுக்கும் வாயு வந்து சேர்கிறது.

இதற்கு மாற்றாக இன்னொரு வழியும் உண்டு. ஜியோலைட் என்ற கனிமத் துகள்களின் வழியே அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தினால் அவை நைட்ரஜனைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வெளியே வருவது சுமார் 93 சதவீத ஆக்சிஜன். கொரோனா காலத்தில் பல அரசு மருத்துவமனைகளில் நிறுவப்பட்ட பிஎஸ்ஏ ஆலைகள் இந்த வகை. வீட்டில் வைத்துக்கொள்ளும் கான்சன்ட்ரேட்டரும் இதன் சிறிய வடிவமே. மின்சாரம் இருக்கும்வரை இவை ஓடும். மின்சாரம் நின்றால் நோயாளிக்குக் கைகொடுப்பது சிலிண்டர்தான்.

ரத்தம் எவ்வளவு சுமக்கும்?

நுரையீரலுக்கு வந்த ஆக்சிஜனைத் திசுக்களுக்குக் கொண்டுசேர்ப்பது ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின். ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லி ஆக்சிஜனைப் பிடிக்கும். 100 மில்லி ரத்தத்தில் 15 கிராம் ஹீமோகுளோபின் உள்ள ஒருவருக்கு அது ஏறத்தாழ 20 மில்லி. இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தத்தை வெளியேற்றினால், உடலுக்குள் நிமிடத்துக்கு 1,000 மில்லி ஆக்சிஜன் பாய்கிறது. ஓய்வில் இருக்கும் உடல் அதில் 250 மில்லியைத்தான் எடுத்துக்கொள்கிறது.

தாமிரபரணிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு அடுத்த செய்தி சுலபமாகப் பிடிபடும். கன்னடியன் கால்வாய் கரை தொட்டு ஓடும்போது பாபநாசம் அணையில் கூடுதலாகத் திறந்தாலும் அந்தக் கால்வாயின் கடைமடை வயலுக்குக் கூடுதல் தண்ணீர் போகாது. மிச்சம் அணைக்கட்டைத் தாண்டி ஆற்றோடு போகும். ஹீமோகுளோபினும் அப்படித்தான். நல்ல நுரையீரல் உள்ளவருக்குச் சாதாரணக் காற்றிலேயே அது 97, 98 சதவீதம் நிறைந்துவிடுகிறது. அதற்கு மேல் ஆக்சிஜனைக் கொட்டினாலும் அது சுமக்கும் சரக்கு கூடுவதில்லை. ரத்த நீரில் கரையும் ஆக்சிஜன் மட்டும் 100 மில்லிக்கு 0.3 மில்லியிலிருந்து 2 மில்லி வரை உயரும். இது சிறு ஆதாயம், அவ்வளவே.

ரத்தசோகை என்பது கால்வாயே மண் மேவிச் சுருங்கிய நிலை. ஹீமோகுளோபின் 5 கிராமுக்கு இறங்கிய கர்ப்பிணிக்கு விரலில் மாட்டும் கருவி 99 சதவீதம் என்று காட்டும். ஆனால் அவர் ரத்தம் சுமப்பது வழக்கமான அளவில் மூன்றில் ஒரு பங்கு. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. பிரசவத்தில் ரத்தப்போக்கு ஏற்பட்ட பெண்ணுக்கு மாஸ்க் வைத்ததோடு வேலை முடிந்ததாக நினைத்தால் அவரை இழந்துவிடுவோம். அவருக்கு வேண்டியது ரத்தம்.

நிறைவு விகிதம் குறையும் விதத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் 100 அலகிலிருந்து 60க்கு இறங்கும்வரை நிறைவு 98லிருந்து 90க்குத்தான் குறையும். அந்த 90க்குக் கீழே சரிவு செங்குத்து. அழுத்தம் சிறிது குறைந்தாலும் நிறைவு மளமளவென்று இறங்கும். ஆகவேதான் அவசரப் பிரிவில் 90 என்ற எண்ணுக்கு இவ்வளவு மதிப்பு. 94இல் இருப்பவருக்கும் 89இல் இருப்பவருக்கும் இடையே இருப்பது வெறும் ஐந்து எண்கள் அல்ல. முதலாமவர் சமதளத்தில் நிற்கிறார், இரண்டாமவர் சரிவில் கால்வைத்துவிட்டார்.

விரல் நுனியில் தெரியும் எண்

'சாச்சுரேஷன் எவ்வளவு?' என்ற கேள்வி இன்று பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையிலும் கேட்கும், ஆலங்குளத்து டீக்கடையிலும் கேட்கும். அந்த எண்ணைத் தருகிற பல்ஸ் ஆக்சிமீட்டரின் அடிப்படையை 1970களின் தொடக்கத்தில் கண்டறிந்தவர் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி. காது மடலில் ஒளியைச் செலுத்தி, ரத்தத்தில் கலந்த சாயத்தைக் கொண்டு இதயம் எவ்வளவு ரத்தம் வெளியேற்றுகிறது என்று அளப்பதே அவர் நோக்கமாக இருந்தது. நாடித்துடிப்பு அந்த அளவீட்டைக் குலைத்துக்கொண்டே இருந்தது. அந்தத் தொந்தரவை ஒழிக்கப் போராடியவர், அந்தத் துடிப்புக்குள்ளேயே தமனி ரத்தத்தின் நிறம் ஒளிந்திருப்பதைக் கண்டார். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் ஏறாததும் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் வெவ்வேறு விகிதத்தில் உறிஞ்சும். துடிக்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து அந்த விகிதத்தைக் கணக்கிட்டால் நிறைவு தெரிந்துவிடும். ஊசி வேண்டாம், ரத்தம் எடுக்க வேண்டாம். அவர் 2020 ஏப்ரல் 18 அன்று மறைந்தார். அவருடைய கண்டுபிடிப்பு வீடு வீடாக நுழையத் தொடங்கிய நேரம் அது.

இந்தக் கருவிக்கும் எல்லைகள் உண்டு. கை சில்லிட்டிருந்தால், ரத்த அழுத்தம் விழுந்திருந்தால், நகத்தில் அடர்த்தியான பூச்சு இருந்தால் எண் பிசகும். புகையில் சிக்கியவருக்குக் கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினை ஆக்சிஜன் ஏறியதாகவே கருவி எண்ணிக்கொள்ளும். தோலின் நிறமும் குறுக்கிடுகிறது. 2020 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், கருவி 92 முதல் 96 வரை காட்டிய வேளையில் உண்மையான நிறைவு 88க்குக் கீழே இருந்த அளவீடுகள் வெள்ளை நிறத்தவரிடம் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீதம். கருநிறம் நம்மில் பெரும்பாலோர் நிறம். வயலிலும் கடலிலும் உழைப்பவர்களின் நிறம். ஆகவே கருவி 93 என்று சொன்னாலும், நோயாளி நிமிடத்துக்கு 30 முறை மூச்சிழுத்துக்கொண்டு ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினால் நம்ப வேண்டியது நோயாளியை. தமனியிலிருந்து ரத்தம் எடுத்துச் செய்யும் ஏபிஜி சோதனை சந்தேகத்தைத் தீர்க்கும்.

எந்தக் குழாய், எத்தனை லிட்டர்?

மூக்கில் செருகும் நேசல் பிராங் நிமிடத்துக்கு 1 முதல் 6 லிட்டர் வரை கொடுக்கும். அப்போது மூச்சில் சேரும் ஆக்சிஜன் சுமார் 24 முதல் 44 சதவீதம். சாதாரண மாஸ்க் 5 முதல் 10 லிட்டரில் 40 முதல் 60 சதவீதம் வரை தரும். இதை 5 லிட்டருக்குக் கீழே வைக்கக் கூடாது. வைத்தால் நோயாளி வெளியேவிட்ட கரியமில வாயு மாஸ்க்குக்குள் தங்கி, திரும்ப உள்ளே போகும். பை தொங்கும் என்ஆர்பிஎம் மாஸ்க் 10 முதல் 15 லிட்டரில் 60 முதல் 90 சதவீதம். பை எப்போதும் உப்பியிருக்க வேண்டும். ஒவ்வொரு மூச்சிலும் அது சுருங்கி ஒட்டிக்கொண்டால் ஓட்டம் போதவில்லை என்று பொருள். இவற்றோடு வென்சுரி மாஸ்க் என்று ஒன்று உண்டு. 1960இல் மோரன் கேம்பெல் என்ற மருத்துவர் வடிவமைத்தது. ஆக்சிஜன் குறுகிய துளை வழியே விரையும்போது பக்கத்துக் காற்றைக் கணக்காக இழுத்துக்கொள்ளும். நோயாளி எப்படி மூச்சுவிட்டாலும் 24 என்றால் 24, 28 என்றால் 28 சதவீதம். அளவு தவறக் கூடாத நோயாளிகளுக்காகவே பிறந்த கருவி அது.

இந்தியாவில் மருத்துவ ஆக்சிஜன் சிலிண்டருக்குக் கருப்பு உடல், வெள்ளைத் தோள். வார்டில் நிற்கும் பெரிய டி வகையில் 7,000 லிட்டர் வாயு அடங்கும். கையில் தூக்கும் பி வகையில் 1,500 லிட்டர். நிறைந்த சிலிண்டரின் மீட்டர் சுமார் 150 காட்டும். முள் பாதிக்கு இறங்கினால் வாயுவும் பாதிதான். பாபநாசத்திலிருந்து மூச்சுத்திணறல் நோயாளி ஒருவரை 108 ஆம்புலன்ஸ் திருநெல்வேலிக்கு ஏற்றி வருவதாக வைத்துக்கொள்வோம். தூரம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். பாதி நிறைந்த பி சிலிண்டரில் 750 லிட்டர். நிமிடத்துக்கு 15 லிட்டர் ஓடினால் 50 நிமிடம்தான் வரும். நோயாளிக்கு 5 லிட்டர் போதும் என்றால் அதே சிலிண்டர் இரண்டரை மணி நேரம் வரும். மாஞ்சோலை மலைப்பாதையில் இறங்கிவரும் வண்டிக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமை. வண்டி கிளம்பும் முன்னே பயண நேரத்தை ஓட்டத்தால் பெருக்கி, மேலும் பாதியைச் சேர்த்துக்கொள்வது நல்ல டெக்னீஷியனின் வழக்கம். 2008 செப்டம்பர் 15இல் தமிழ்நாட்டில் 108 சேவை தொடங்கியதிலிருந்து எத்தனையோ உயிர்கள் இப்படிப்பட்ட மனக்கணக்கில் தப்பியிருக்கின்றன.

கூடினால் என்ன ஆகும்?

முக்கூடலும் மேலப்பாளையமும் பீடி சுற்றும் ஊர்கள். பீடி குடித்துப் பழகிய நுரையீரல்களும், விறகடுப்புப் புகையில் முப்பது நாற்பது ஆண்டு சமைத்த பெண்களின் நுரையீரல்களும் இந்தத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் ஏராளம். அவர்களில் பலருக்குச் சிஓபிடி என்ற நாள்பட்ட இளைப்பு நோய் இருக்கிறது. ஒரு மழைநாள் இரவில் திணறலோடு வரும் இத்தகைய முதியவருக்குப் பதற்றத்தில் 15 லிட்டரைத் திறந்துவிடுவார்கள். எண் 99க்கு ஏறும். அரை மணி நேரத்தில் திணறல் அடங்கும். 'அவிய இப்பந்தான் கண்ணசருதாவ' என்று வீட்டார் பெருமூச்சு விடுவார்கள். ஆனால் அது உறக்கமாக இல்லாமல் போகலாம். கரியமில வாயு ரத்தத்தில் தேங்கி மூளையை மயக்கும் நிலையாக இருக்கலாம்.

காரணம் இதுதான். பழுதான நுரையீரல், காற்று சரியாகப் போகாத பகுதிகளின் ரத்தக்குழாய்களைச் சுருக்கி, ரத்தத்தை நல்ல பகுதிக்குத் திருப்பிவிடுகிறது. ஆக்சிஜனைக் கொட்டினால் சுருங்கிய குழாய்கள் திறந்துகொள்ளும். ரத்தம் காற்றோட்டமில்லாத பகுதிகளில் ஓடி, கரியமில வாயுவை இறக்கிவைக்காமலேயே திரும்பும். போதாததற்கு, ஆக்சிஜன் நிறைந்த ஹீமோகுளோபின் தான் சுமந்துவந்த கரியமில வாயுவையும் ரத்தத்தில் உதறிவிடும். மூச்சின் வேகமும் ஓரளவு குறையும். மூன்றும் சேரும்போது நோயாளி மயங்குகிறார்.

இது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸ் ஊழியர்களைக் கொண்டு நடந்த ஆய்வு 2010இல் காட்டியது. 405 நோயாளிகள். ஒரு சாராருக்கு வழக்கம்போல் அதிக ஆக்சிஜன்; மற்றவர்களுக்கு 88 முதல் 92 வரை நிறைவு நிற்குமாறு அளந்து கொடுத்தது. முதல் சாராரில் 9 சதவீதத்தினர் இறந்தனர். அளந்து பெற்றவர்களில் 4 சதவீதத்தினர். புதிய மருந்து ஏதும் இல்லை. குமிழைத் திருகுவதில் மட்டுமே வேறுபாடு. அளந்து பெற்றவர்களுக்கு, மருந்தைப் புகைபோல் மூச்சில் செலுத்தும் நெபுலைசரையும் ஆக்சிஜனால் ஓட்டாமல் காற்றால் ஓட்டினார்கள்.

மாரடைப்பிலும் பழைய பழக்கம் ஆட்டம் கண்டது. நெஞ்சுவலி என்று வந்த எல்லோருக்கும் மாஸ்க் வைப்பது நூறாண்டு வழக்கம். சுவீடனில் 6,629 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. நிறைவு 90க்குக் குறையாதவர்களுக்கு ஆக்சிஜன் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஓராண்டு இறப்பு ஏறத்தாழ ஒன்றே: 5.0 சதவீதமும் 5.1 சதவீதமும். ரத்தத்தில் ஆக்சிஜன் மிகும்போது இதயத்தின் சொந்த ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன என்பதும் தெரிந்த செய்தி. ஆகவே இன்று ஈசிஜி, ஆஸ்பிரின், அடைப்பைத் திறக்கும் சிகிச்சை இவைதாம் முதலில். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைத் தந்து அனுப்பும் 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தமிழ்நாடு 2023இல் தொடங்கியது. உயிர் காக்கும் நிமிடங்களை மாஸ்க் தேடுவதில் செலவிடத் தேவையில்லை.

குறைமாதக் குழந்தைகளின் கதை எல்லாவற்றையும்விட வலி நிறைந்தது. 1940களில் மேலை நாடுகளில் இன்குபேட்டருக்குள் ஆக்சிஜனைத் தாராளமாக நிரப்பினார்கள். உயிர் பிழைத்த குழந்தைகளில் பல பார்வையிழந்தன. உலகெங்கும் சுமார் 10,000 பேர். வளர்ந்து முடியாத விழித்திரையின் ரத்தக்குழாய்களை மிகை ஆக்சிஜன் கெடுக்கிறது என்று 1951இல் மெல்போர்னைச் சேர்ந்த மருத்துவர் கேட் கேம்பெல் சுட்டிக்காட்டினார். உடனே எல்லோரும் ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்தார்கள். பார்வை தப்பியது, ஆனால் மூச்சில்லாமல் இறந்த குழந்தைகள் கூடின. 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வு இந்த இழுபறியை எண்களில் காட்டியது. நிறைவை 85 முதல் 89க்குள் வைத்தால் கடும் விழித்திரைப் பாதிப்பு பாதியாகக் குறைந்தது; இறப்போ 16.2 சதவீதத்திலிருந்து 19.9 ஆக உயர்ந்தது. இன்று பெரும்பாலான பச்சிளங்குழந்தைப் பிரிவுகள் 90க்குச் சற்று மேலிருந்து 95 வரை வைத்துக்கொள்கின்றன. அதோடு பிறந்த சில வாரங்களுக்குள் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம். 1996இல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் பிறந்த ஒரு குறைமாதக் குழந்தைக்கு அந்தப் பரிசோதனை நடக்கவில்லை; பார்வை போனது. 2015இல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. அளவின் மறுபக்கம் கண்காணிப்பு என்பதற்கு அந்தத் தீர்ப்பே சாட்சி.

நெல்லும் வாழையும் விளையும் இந்த மண்ணில் இன்னொரு சூழலையும் சொல்லியாக வேண்டும். பாராகுவாட் என்ற களைக்கொல்லி உடலுக்குள் போனால், நுரையீரல் செல்கள் அதைத் தாமாகவே இழுத்துச் சேர்த்துக்கொள்கின்றன. அங்கே அது ஆக்சிஜனோடு வினைபுரிந்து செல்லை எரிக்கும் நச்சுக்கூறுகளைத் தொடர்ந்து உண்டாக்குகிறது. ஆக்சிஜன் கூடக்கூடத் தீங்கு கூடும். ஆகவே நிறைவு வெகுவாக இறங்கினாலன்றி இந்த நோயாளிகளுக்கு ஆக்சிஜன் கொடுப்பதில்லை. கேரளா 2011இல் இந்தக் களைக்கொல்லியைத் தடைசெய்தது. இலங்கையும் படிப்படியாக விலக்கியது. நோயாளியைக் கொண்டுவருபவர்கள் களைக்கொல்லியின் காலி டப்பாவையும் கையோடு கொண்டுவந்தால் மருத்துவர் முதல் நிமிடத்திலேயே சரியான முடிவெடுக்க முடியும்.

தயங்கவே கூடாத இடங்கள்

இதையெல்லாம் படித்துவிட்டு ஆக்சிஜனுக்கு அஞ்சினால் அது இன்னொரு பிழை. பாபநாசத்திலும் குறுக்குத்துறையிலும் ஆற்றுச் சுழலில் சிக்கியவரைக் கரையேற்றினால், அவரைக் கொல்வது ஆக்சிஜன் இல்லாமை ஒன்றே. தலைகீழாகத் தூக்குவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் நேரத்தை வீணாக்கும். மூச்சில்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். நாடியும் இல்லையென்றால் மார்பை அழுத்த வேண்டும். ஆம்புலன்ஸ் வந்ததும் கிடைக்கும் அதிகபட்ச ஆக்சிஜன். சில்லிட்ட விரலில் கருவி எண் காட்டவில்லை என்று காத்திருக்கக் கூடாது.

நான்குவழிச் சாலை விபத்தில் ரத்தமிழந்து அதிர்ச்சி நிலைக்குப் போனவர், இதயம் நின்றவர், புகையில் மயங்கியவர் ஆகியோருக்கும் தொடக்கத்தில் முழு அளவுதான். கார்பன் மோனாக்சைடு சாதாரணக் காற்றில் பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். முழு ஆக்சிஜனில் ஒன்றரை மணி நேரத்துக்குள். மின்வெட்டு நாளில் மூடிய அறைக்குள் ஜெனரேட்டர் ஓட்டிய வீடுகளில் இந்த வேறுபாடு உயிருக்கும் சாவுக்கும் இடையிலானது. நிலை சீரானதும், கருவி நம்பும்படி எண் காட்டத் தொடங்கியதும், 94 முதல் 98க்குள் நிற்குமாறு ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

கட்டுவிரியன் கடித்தவர் வேறு வகை. நஞ்சு மூச்சுத் தசைகளைச் செயலிழக்கச் செய்கிறது. இமை சரிவதும் விழுங்க முடியாமல் போவதும் முதல் அடையாளங்கள். நுரையீரலில் பழுதில்லை, அதை விரிக்கும் தசைதான் நின்றுபோகிறது. வெறும் மாஸ்க் வைத்தால் சில நேரம் எண் நன்றாகவே தெரியும். உள்ளே கரியமில வாயு ஏறிக்கொண்டிருக்கும். இவருக்கு நச்சுமுறிவு ஊசியோடு, ஆம்பு பையை அமுக்கி மூச்சையே நாம் ஊட்ட வேண்டும். ஆக்சிஜன் கொடுப்பது ஒன்று, மூச்சுக் கொடுப்பது ஒன்று. இரண்டையும் ஒன்றாக எண்ணியதால் போன உயிர்கள் பல.

ஒரு டன் எத்தனை பேருக்கு?

ஒரு டன் திரவ ஆக்சிஜன் ஆவியானால் சுமார் ஏழரை லட்சம் லிட்டர் வாயு. நிமிடத்துக்கு 10 லிட்டர் பெறும் நோயாளிக்கு ஒரு நாளைக்கு 14,400 லிட்டர் வேண்டும். அப்படியானால் ஒரு டன், ஏறத்தாழ 52 பேரை ஒரு நாள் தாங்கும். அவர்களில் 5 லிட்டரே போதுமானவர்களைக் கண்டறிந்து ஓட்டத்தைப் பாதியாக்கினால் அதே ஒரு டன் நூறு பேருக்கு நெருங்கி வரும். மூக்கு வழியே மிக வேகமாக ஆக்சிஜனைச் செலுத்தும் ஹைஃப்ளோ கருவியோ நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை இழுக்கும். முழு ஆக்சிஜனில் ஓட்டினால் ஒரு நோயாளிக்கு ஒரு நாளில் 86,400 லிட்டர். பன்னிரண்டு பெரிய சிலிண்டர்களுக்கு மேல்.

கொரோனா சிகிச்சைக்கான மத்திய அரசின் வழிகாட்டுதல் 92 முதல் 96 வரையும், சிஓபிடி உள்ளவர்களுக்கு 88 முதல் 92 வரையும் இலக்கு வைத்தது. அது நோயாளியின் நுரையீரலைக் காத்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவரின் பங்கையும் காத்தது. 99 காட்டுபவருக்கு வீணே ஓடும் 4 லிட்டர், படிக்கட்டில் காத்திருக்கும் இன்னொருவருக்கு வாழ்வாகியிருக்கலாம். சாப்பிடும்போது கழற்றிவைத்த மாஸ்க்கிலிருந்து சீறிக்கொண்டிருக்கும் வாயு, இறுக்கம் தளர்ந்த இணைப்பு, மூடாத வால்வு எல்லாம் இந்தக் கணக்கில் சேர்பவை. கசிவு வேறொரு ஆபத்தையும் கொண்டுவரும்: ஆக்சிஜன் செறிந்த அறையில் சிறு பொறியும் பெருந்தீயாகும். ரெகுலேட்டரில் எண்ணெயோ கிரீஸோ படக்கூடாது என்று சொல்வது இதற்காகத்தான்.

விலையில் ஆக்சிஜன் மலிவான மருந்து. 2020 செப்டம்பரில் திரவ ஆக்சிஜனுக்கு ஆலை வாசலில் கன மீட்டருக்கு 15 ரூபாய் 22 காசு என்று அரசு உச்சவரம்பு விதித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதற்கு இடம் உண்டு. ஆனாலும் மற்ற மருந்துகளுக்குக் கிடைக்கும் மரியாதை இதற்கு இன்னும் கிடைக்கவில்லை. ஆன்டிபயாட்டிக் ஊசி என்றால் பெயர், அளவு, நேரம் எல்லாம் கேஸ் ஷீட்டில் எழுதப்படுகின்றன. ஆக்சிஜனுக்குப் பல இடங்களில் 'ஓ-டூ' என்ற ஒரு சொல்லோடு சரி.

எழுத வேண்டியது மூன்றே செய்திகள்: எந்தக் கருவி, எத்தனை லிட்டர், எந்த எண்ணை எட்டினால் குறைக்க வேண்டும். இதற்குப் புதுக் கட்டடமோ வெளிநாட்டு எந்திரமோ தேவையில்லை. ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் நம்பகமான ஆக்சிமீட்டர் ஒன்று, வென்சுரி மாஸ்க் சில, ஒரு மணிக்கொரு முறை பார்த்துக் குமிழைத் திருகும் செவிலியர் போதும். அந்தச் செவிலியருக்கு நாற்பது நோயாளிகளை ஒப்படைத்துவிட்டு இதை எதிர்பார்ப்பதில் நியாயமில்லை. ஆள் கூட்டித் தருவதும் ஆக்சிஜன் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

கட்டிலருகே நிற்கும் உறவினருக்கும் இதில் பங்கு உண்டு. 'ஆக்சிஜன் வச்சாச்சா?' என்ற கேள்வியோடு நிற்காமல், 'சிஸ்டர், இவியளுக்கு எத்தனைல நிக்கணும்? இப்ப எத்தனைல நிக்கி?' என்று கேட்கலாம். அப்பாவுக்கு வருஷக்கணக்காக இளைப்பு உண்டு என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லலாம். அவர் அசாதாரணமாக உறங்கினால் எழுப்பிப் பார்த்து உடனே கூப்பிடலாம். திருநெல்வேலியில் ஒவ்வொரு இரவும் எங்கோ ஒரு கட்டிலருகே யாரோ ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய இடத்தில் நிற்கிறார். கேட்கத் தெரிந்திருந்தால், மருந்து அவருடைய ஆளுக்குச் சரியான அளவில் போய்ச் சேரும்.